ஹெவி லைசென்ஸ் எடுக்க எனக்கு ஆன 39,400 ரூபாய்

மளிகைக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்தக் கணக்கும் இருக்கிறது. ஹெவி கார்டு, அதாவது லாரி மாதிரிப் பெரிய வண்டி ஓட்டுகிற லைசென்ஸ், கைக்கு வந்த அன்று கூட்டிப் பார்த்தேன், 39,400 ரூபாய். மூன்று தடவை டெஸ்ட்டுக்குப் போனதையும் சேர்த்து, அதில் அரசாங்கத்துக்குக் கட்டியது 2,000 ரூபாய்க்கும் கீழே. மீதியில் பாதிக்குப் பக்கம் சுத்தமான தண்டம். ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்காத காசு. அந்த ரெண்டு வார்த்தையைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன்.

பள்ளிபாளையத்தில் பன்னிரண்டு வருஷம் தறி ஓட்டினவன் நான். 2023 வாக்கில் பட்டறையில் வாரத்துக்கு மூணு நாள் ஓடுவதே பெரிய பாடாகிவிட்டது. சனிக்கிழமை கூலி வாங்கி வந்தால் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்க யோசிக்கிற நிலைமை. என் தாய்மாமா சங்ககிரியில் பத்து டயர் லாரி ஓட்டுகிறவர். அவரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் மாசத்தில் இருபது நாள் லைனில் இருப்பார், தறியை விட்டுட்டு வருகிறேன் என்று சொல்ல எனக்கும் கூச்சம். மனைவியிடம்கூட முதலில் முழுசாகச் சொல்லவில்லை. அப்படித்தான் எல்லாவற்றையும் தனியாகத் தடவித் தடவிப் போனேன்.

முதல் தண்டம் 4,500 ரூபாய். 2022 நவம்பரில் கார் லைசென்ஸ் எடுத்திருந்தேன். அதை வைத்து ஒருத்தருடைய குட்டி யானையில் (சின்ன சரக்கு வண்டி) தறிக்குப் பாவு நூல் சுற்றின பீமும் நூல் மூட்டையும் ஏற்றி இறக்குகிற வேலை கிடைத்தது. வண்டிக்குச் சொந்தக்காரர், "மஞ்ச போர்டு வண்டிப்பா, பேட்ஜ் இல்லாம ஓட்டக்கூடாது" என்றார். மஞ்சள் போர்டு என்றால் வாடகைக்கு ஓடுகிற வண்டி, பேட்ஜ் என்றால் அதை ஓட்ட லைசென்ஸில் ஏற்றுகிற தனி அனுமதி. ஆர்டிஓ ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை ஓரமாக நின்ற ஒருவர், பதினைந்து நாளில் போட்டுத் தருகிறேன் என்று பணத்தை வாங்கினார். பதினைந்து நாள் மூணு மாசமானது, அப்புறம் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். பெரிய வேதனை என்னவென்றால், எனக்கு அது தேவையே இல்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை சாதாரண கார் லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்று 2017லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காப்பீட்டுக் கம்பெனிகள் விடாமல் வழக்காடியதில், ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6ஆம் தேதி அதையே மறுபடி உறுதி செய்தது. அந்தச் செய்தியை டீக்கடைப் பேப்பரில் படித்தபோது டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. சின்ன சரக்கு வண்டி ஓட்டுவதுதான் உங்கள் திட்டம் என்றால், ஆர்சி புத்தகத்தில் மொத்த எடை என்ன போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பேட்ஜ் என்ற பேச்சே ஆள் ஏற்றுகிற வண்டிகளிலிருந்து வந்தது. எடை 7,500க்கு மேல் போனால்தான் ஹெவி பக்கம் வரவேண்டும்.

குட்டி யானை வருமானம் தறிக் கூலிக்குச் சமமாகத்தான் இருந்தது. அதனால் ஹெவி எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். 2023 ஆகஸ்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் 5,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். மனைவியின் தோட்டை அடகு வைத்த பணம். அங்கிருந்தவர் என் கார் லைசென்ஸைக் கையில் வாங்கி, போட்டோவைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களே" என்று சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தேதியைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. போக்குவரத்து வாகனத்துக்கு எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) கேட்கிறவர் இலகுரக வாகன லைசென்ஸ் எடுத்து முழுசாக ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். வயது 20 நிறைந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்பது மாசம்தான் ஆகியிருந்தது. அரசாங்கத்தின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பம் உள்ளேயே போகவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நவம்பர்ல வாங்க, அதுலயே கழிச்சுக்கலாம்" என்றார்கள். நவம்பரில் போனபோது அந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. கதவில் ஒட்டியிருந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன், சுவிட்ச் ஆஃப். திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் தண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் என்ன சொல்வது என்றுதான் யோசனை.

2024 ஜனவரியில் வேறொரு ஸ்கூலில் சேர்ந்தேன். 14,000 ரூபாய், ரெண்டு தவணை. இந்த முறை ரசீது கேட்டு வாங்கினேன். ஸ்கூலே வேண்டாம், நானே ஆன்லைனில் போட்டுக்கொள்கிறேன் என்று காருக்குச் சொல்வது போல ஹெவிக்குச் சொல்ல முடியாது. பயிற்சி பெற்றதற்கு ஸ்கூல் கொடுக்கும் படிவம் 5 வேண்டும். கூடவே டாக்டர் கையெழுத்து போட்ட படிவம் 1ஏ மருத்துவச் சான்று. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்றெல்லாம் அதில் கேட்டிருக்கும். ஸ்கூலில் "500 ரூபா குடுங்க, நாங்களே கையெழுத்து வாங்கிக்கிறோம்" என்றார்கள். எனக்கென்னவோ அன்றைக்கு நானே போகத் தோன்றியது. டாக்டர் ஜன்னல் வழியாக வெளியே நின்ற காரைக் காட்டி நம்பரைப் படிக்கச் சொன்னார். எட்டா, மூணா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் தறியில் அறுந்த இழையைத் தேடிப் பிடித்த கண், தூரத்தில் மங்கிப்போனது எனக்கே தெரியாது. கண்ணாடிக்கு 2,800 ரூபாய் ஆனது. இந்தக் கணக்கில் நான் வருத்தப்படாத செலவு அது ஒன்றுதான். கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருந்தால் ராத்திரி எதிர் வெளிச்சத்தில் என்ன ஆகியிருப்பேனோ. நேரில் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள். கண்ணாடி தேவைப்பட்டால் அதைப் போட்டுக்கொண்டே பழகுங்கள், பெரிய சைடு கண்ணாடியில் தூரம் கணிப்பது புதுசாகக் கண்ணாடி போட்டவனுக்கு ஒரு வாரம் ஏமாற்றும்.

எல்எல்ஆர் வந்துவிட்டது. அது ஆறு மாசம் செல்லும், 30 நாள் கழிந்தபின் டெஸ்ட்டுக்குப் போகலாம். பயிற்சியைப் பற்றித்தான் நான் வயிறெரிந்து சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு வரச் சொல்வார்கள். கேபினில் ஐந்து பேர். ஒருத்தர் ஓட்ட, நாலு பேர் வேடிக்கை. என் முறை வரும்போது மணி எட்டாகி ரோட்டில் ஸ்கூல் பஸ் ஓட ஆரம்பித்திருக்கும், மாஸ்டர் "நாளைக்கு நீங்கதான் மொதல்ல" என்பார். பத்து நாள் கழித்து சந்தேகம் வந்து, ஸ்டியரிங் என் கையில் இருந்த நேரத்தை மட்டும் செல்போனில் குறித்தேன். இருபத்திரண்டு நாள் போனதில் மொத்தம் ஆறு மணி நேரம்கூட வரவில்லை. அதில் ரிவர்ஸ் எடுத்தது நாலே தடவை. காசு கட்டும்போது எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். எத்தனை மணி நேரம் என் கையில் ஸ்டியரிங் இருக்கும், ஒரு வண்டிக்கு எத்தனை பேர், டெஸ்ட்டுக்கு எந்த வண்டியைக் கொண்டு வருவீர்கள், அதே வண்டியில்தான் பழக்குவீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை நான் கேட்காமல் விட்டதற்குத்தான் ரெண்டு தடவை அழுதேன்.

முதல் டெஸ்ட் மார்ச் மாசம். எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர். பழகியது பழைய ஆறு டயர் வண்டி, அன்று மைதானத்தில் நின்றதோ வேறு லாரி, கிளட்ச் கல் மாதிரி. எனக்கு முன்னால் போனவர் நல்ல உயரம். நான் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, ஏர் பிரேக்கின் காற்றழுத்த முள்ளைப் பார்த்து, கியரையும் போட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த ஆய்வாளர் நிதானமாகக் கேட்டார், "லெஃப்ட் கண்ணாடில என்னங்க தெரியுது?" திரும்பிப் பார்த்தேன். "வானம் சார்" என்றேன். வேறென்ன சொல்ல? அதுதான் தெரிந்தது. "அப்ப எறங்கிக்கங்க." அவ்வளவுதான், வண்டி ஒரு அடி நகரவில்லை. கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது ரெண்டும் சுட்டது. சீட், கண்ணாடி ரெண்டையும் சரி செய்யாமல் சாவியில் கை வைக்கக்கூடாது என்பதை மாஸ்டர் ஒரு நாளும் சொல்லவில்லை, ஏனென்றால் பயிற்சியில் இறங்கி ஏறுகிற அவசரத்தில் யாரும் அதைச் செய்ததே இல்லை.

தோற்றால் ஏழு நாள் கழித்துத்தான் திரும்பப் போகலாம். மூணு தடவை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும், இப்போது அதோடு ஸ்கூலில் மறுபயிற்சியும் எடுக்க வேண்டும். எல்எல்ஆரின் ஆறு மாசமோ தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மறு டெஸ்ட்டுக்கும் அரசுக் கட்டணம் 300, ஸ்கூல்காரர்களுக்கு லாரி வாடகை 1,500. அந்த வாடகையைச் சேரும்போது யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ரெண்டாம் தடவை கண்ணாடி எல்லாம் சரியாக வைத்தேன். முன்னால் போவது, மேட்டில் நிறுத்தி எடுப்பது, எல்லாம் முடிந்தது. ரிவர்ஸில் தலையை வெளியே நீட்டி வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பின்டயர், எல்லைக்கு வைத்திருந்த டிரம்மைச் சாய்த்த 'டம்' சத்தம் வந்தபிறகுதான் எனக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது.

மூணாவது தடவைக்கு முந்தின நாள் தூக்கமில்லை. ஸ்கூலில் போய்ச் சண்டை பிடித்தேன், வாடகை வாங்குகிறீர்கள் அல்லவா, அதே லாரியில் மாஸ்டரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் ரிவர்ஸ் மட்டும் விடுங்கள் என்று. என்ன நினைத்தாரோ, வயசான மாஸ்டர் ஒருத்தர் வந்தார். இருபது நாளில் கிடைக்காதது அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. "கண்ணாடில பின்டயரைப் பாரு, டிரம்மைப் பாக்காத. டயர் போற எடத்துக்குத்தான் வண்டி போகும். தெரியலைன்னா நிறுத்து கண்ணு, எறங்கிப் பாரு. எறங்கிப் பாத்தா ஃபெயில்னு எவனும் எழுதி வைக்கல." மறுநாள் டெஸ்ட்டில் பாதி ரிவர்ஸில் எனக்கு இடது பக்கம் சந்தேகம் வந்தது. நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, "சார், பின்னாடி தெரியல, எறங்கிப் பாத்துக்கறேன்" என்றேன். ஆய்வாளர் தலையாட்டினார். இறங்கிச் சுற்றி வந்து பார்த்தால் ஒன்றரை அடி இடம் இருந்தது. ஏறி உட்கார்ந்து எடுத்தேன். பாஸ்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் லைசென்ஸ் கார்டை ஆபீஸில் கையில் கொடுப்பதில்லை, தபாலில்தான் அனுப்புகிறார்கள். என் லைசென்ஸில் இருந்தது பழைய வாடகை வீட்டு விலாசம். நாங்கள் குமாரபாளையம் பக்கம் குடிபோய் ஒரு வருஷமாகியிருந்தது. கார்டு பழைய வீட்டுக்குப் போய், ஆள் இல்லை என்று திரும்பி ஆபீஸுக்கே போய்விட்டது. அதைத் திரும்ப வரவழைக்க மூணு வாரம், ரெண்டு நாள் லீவு. டெஸ்ட், பயிற்சி, அலைச்சல் எல்லாம் சேர்த்து இழந்த கூலி பதினோரு நாள், நாளுக்கு 700 வீதம் 7,700 ரூபாய். வீடு மாறியிருந்தால் விலாசத்தையும் செல் நம்பரையும் முதலில் மாற்றிவிட்டு அப்புறம் ஹெவிக்குப் போடுங்கள்.

கார்டை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கார்டு இருக்குது மாப்ள. கை இருக்குதா?" என்றார். அந்தக் கேள்வியைத்தான் நான் போய்க் கேட்ட நாலு லாரி ஆபீஸிலும் வேறு வேறு விதமாகக் கேட்டார்கள். புதுக் கார்டுக்காரனிடம் முப்பது, நாற்பது லட்ச ரூபாய் வண்டியை யார் கொடுப்பார்கள்? மாமாவோடு கிளீனராகப் போனேன். முப்பத்திரண்டு வயசில் கிளீனர். தார்ப்பாய் கட்ட, கயிறு இழுக்க, டயரைத் தட்டிச் சத்தத்தில் காற்று பார்க்க, எடை மேடையில் சீட்டு வாங்க என்று ஐந்து மாசம். படி மட்டும்தான், சம்பளம் இல்லை. அந்த ஐந்து மாசத்தை நான் 39,400இல் சேர்க்கவில்லை. லைசென்ஸ் வந்தவுடன் சம்பாத்தியம் வரும் என்று கணக்குப் போட்டு வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள், இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

கர்நாடகாவின் தாவணகெரேயிலிருந்து நாமக்கல் கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றி வந்தோம். பத்து டயருக்கு வண்டியோடு சேர்த்து 28.5 டன் வரை போகலாம், 2018இல் கூட்டின அளவு. தர்மபுரி தாண்டி, பாளையம் டோல்கேட் கடந்ததும் மாமா ஓரம் கட்டி என்னை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தார். முன்னால் தொப்பூர் கணவாய் இறக்கம். அங்கே எத்தனை வண்டி போய்ச் சேர்ந்திருக்கிறது என்று சேலம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவார்கள், பிரேக்கை மிதித்து மிதித்து பிரேக் டிரம் சூடேறி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. "எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்லயே எறங்கு. எஞ்சின் பிடிச்சு நிறுத்தட்டும். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடு. காலை பிரேக் மேலயே வெச்சு ஒறங்காத, மிதிச்சா மிதி, விட்டா விடு" என்றார். எங்களை முந்திக்கொண்டு ஒரு லாரி சரசரவென்று இறங்கியது. அது போன கொஞ்ச நேரத்தில் கேபினுக்குள் பழைய துணி தீய்ந்த மாதிரி ஒரு வாடை. "மோந்துக்க, அதான் பிரேக் லைனர் வாடை" என்றார் மாமா. எனக்கு முதுகெல்லாம் நனைந்திருந்தது. டிரைவிங் ஸ்கூலில் இறக்கம் என்ற ஒன்றையே நான் பார்க்கவில்லை, மைதானத்து மேடு ரெண்டு அடி.

மாமாவுக்கும் ஒரு அடி விழுந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச்சில் ஒரு சோதனையில் அவருடைய கார்டைக் கேட்டார்கள். முப்பது வருஷ டிரைவர், நெஞ்சை நிமிர்த்திக் கொடுத்தார். கார்டில் ரெண்டு தேதி இருக்கும். ஒன்று சொந்த வண்டிக்கு, இன்னொன்று போக்குவரத்து வாகனத்துக்கு. முதல் தேதி இன்னும் முடியவில்லை, ரெண்டாவது ஜனவரியிலேயே முடிந்திருந்தது. அவர் இத்தனை நாளும் முதல் தேதியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முன்பு மூணு வருஷமாக இருந்த ஹெவி காலம் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருஷமாகியிருக்கிறது. ஆனால் அதே திருத்தத்தில், முடிந்தபின் 30 நாள் ஓட்டலாம் என்று இருந்த சலுகையை எடுத்துவிட்டார்கள். செல்லாத லைசென்ஸில் ஓட்டினால் 5,000 ரூபாய், ஓட்டவிட்ட முதலாளிக்கும் தனியாக அபராதம் போடச் சட்டத்தில் இடமுண்டு. அதைவிட, அந்த ரெண்டு மாசத்தில் ஒரு விபத்து நடந்திருந்தால் காப்பீட்டுக் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க வந்திருக்கும். முதலாளி மாமாவை விட்டிருப்பாரா? முடிகிற தேதிக்கு ஒரு வருஷம் முன்னாலிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறுபடி டெஸ்ட். ஐம்பத்தெட்டு வயசில் மாமா டிரம்முக்கு நடுவில் ரிவர்ஸ் எடுப்பதை நினைத்து ரெண்டு பேரும் சிரித்தோம், ஆனால் அவருக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது நான் தனியாக ஓட்டுகிறேன். அதே சங்ககிரி, அதே முதலாளியின் வேறு வண்டி. அடுத்து, கேஸ் டேங்கர் ஓட்ட மூணு நாள் பயிற்சி எடுத்து, ஆபத்தான சரக்குக்கான அனுமதியைக் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை, நாமக்கல் பக்கம் அதில் வேலை உண்டு. போன வாரம் பழைய பட்டறையில் கூட ஓட்டின பையன் போன் பண்ணினான். "அண்ணா, ஹெவி எடுக்கலாம்னு இருக்கறனுங்க, நாளைக்கு ஒரு ஸ்கூல்ல அட்வான்ஸ் கட்டப் போறன். நல்ல எடமுங்களா?" என்றான். கார் லைசென்ஸ் எடுத்து எவ்வளவு நாளாச்சு என்று கேட்டேன். "எட்டு மாசமாச்சுங்ணா." காசைப் பையிலேயே வைத்துக்கொள், இன்னும் நாலு மாசம் தறி ஓட்டு, நடுவில் பட்டறை லீவு விடும்போது என்னோடு ரெண்டு நடை கிளீனராக வா என்றேன். வருகிற வெள்ளிக்கிழமை தாவணகெரேவுக்கு வருகிறான். தார்ப்பாய் கட்ட ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கும்தான்.